மருத்துவர் தரும் சீட்டும் நாம் பெறவேண்டிய உரிமையும்

(சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

   

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நம் சங்கம் தோன்றியபோது, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதே அதன் முதற்பணியாக இருந்தது. அப்பணி வீண்போகவில்லை. இன்று நம் தெருக்களில் பட்டம் பெற்றோர் இல்லாத வரிசை இல்லை. ஆயினும் ஒன்றை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும். பட்டம் பெற்ற பிள்ளை இருக்கும் வீட்டிலேயே, தாயாருக்கு மருத்துவர் எழுதித் தந்த சீட்டு, படிப்பாரற்று அரிசிப் பானைக்கு அடியில் கிடக்கிறது. கல்வி என்பது தேர்வு எழுதுவதற்கு மட்டுமன்று. நம் வீட்டாரின் உடலைக் காப்பதற்கும் ஆம். ஆதலின் இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள், இயன்முறை மருத்துவத்திற்கு மருத்துவர் தரும் பரிந்துரைச் சீட்டும், அதன்வழி அரசு தரும் சலுகைகளும் ஆகும்.

பண்டிதர் அயோத்திதாசர் 1907-இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கியவர் என்பதை நம் இளைஞர் அறிவர். அவர் சித்த மருத்துவர் என்பதைப் பலர் அறியார். நாடி பிடித்த கையே பத்திரிகையும் எழுதியது. அறிவும் உடல்நலமும் இரு வேறு பணிகள் அல்ல என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

இயன்முறை மருத்துவம் என்பது யாது? மக்கள் வழக்கில் இதனைப் பிசியோதெரபி என்கிறோம். நோயினாலோ காயத்தினாலோ இயக்கம் குறைந்த மூட்டு, தசை, நரம்பு ஆகியவற்றை முறையான பயிற்சியினாலும், வெப்பம், மின்தூண்டல் போன்ற துணைகளினாலும் மீண்டும் பழக்கத்திற்குக் கொண்டுவரும் மருத்துவமே இது. எண்ணெய் தேய்த்து உருவுவதும் இதுவும் ஒன்றென்று பலர் எண்ணுகின்றனர். அஃது தவறு. முழங்கை எலும்பு முறிந்து கட்டுப் பிரித்தபின் அதனை வலிந்து உருவித் தேய்த்தால், தசைக்குள் எலும்பு படிந்து மூட்டு நிலையாக இறுகிவிடக்கூடும். பக்கவாதத்தால் தளர்ந்த கையைப் பிடித்து இழுத்தால் தோள்மூட்டு இறங்கிவிடும். எந்த மூட்டை, எவ்வளவு, எந்நாள் முதல் அசைக்கலாம் என்பதைக் கற்றறிந்தவரே சொல்லவேண்டும்.

இம்மருத்துவம் யாருக்கு வேண்டும்? நம் தாய்மார்களைக் கேட்டால் தெரியும். பாகூர் ஏரிப் பாசனத்தில் நாற்று நடும் பெண் நாள் முழுதும் இடுப்பை வளைத்து நிற்கிறாள். கட்டட வேலைக்குச் செல்பவள் தலையில் சாந்துச் சட்டி சுமந்து சாரம் ஏறுகிறாள். நாற்பது வயதில் முழங்கால் தேய்கிறது, முதுகு பிடிக்கிறது. கடலூர்ச் சாலையிலும் விழுப்புரம் சாலையிலும் இருசக்கர வண்டியில் விழுந்து கால் முறிந்த இளைஞர் நம் ஊர்தோறும் உளர். ஒரு காலத்தில் இளம்பிள்ளைவாதமே நம் பிள்ளைகளை முடக்கிய பெருநோயாக இருந்தது. அந்நோயின் இறுதி நேர்வு இந்தியாவில் 2011 ஜனவரியில் கண்டறியப்பட்டது. 2014 மார்ச்சில் நாடு அந்நோயிலிருந்து விடுபட்டதாகச் சான்று பெற்றது. இன்று அதன் இடத்தில் நீரிழிவும், இரத்தக் கொதிப்பும், அவற்றால் விளையும் பக்கவாதமும் வந்து அமர்ந்துள்ளன. நீரிழிவு உடையோர்க்குத் தோள்மூட்டு இறுகுவது மற்றவரினும் மிகுதி.

உடலுழைப்பே மூலதனமாக உள்ள குடும்பத்தில் ஒரு கை இயங்காமற் போவது, கடைக்காரர் ஒருவரின் கடை எரிந்து போவதற்கு ஒப்பாகும். நாம் அறிந்த கொத்தனார் ஒருவர் சாரத்திலிருந்து விழுந்து முழங்கை முறிந்தார். ஓர் அரசு மருத்துவமனையில் நல்ல முறையில் கட்டுப் போட்டனர். கட்டுப் பிரித்த அன்று ஒரு சீட்டும் தந்தனர். அச்சீட்டில் இயன்முறைப் பிரிவுக்குச் செல்லுமாறு ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அவருக்கு அதனை யாரும் படித்துச் சொல்லவில்லை; மாத்திரைச் சீட்டு என்று எண்ணி, வலி குறைந்ததும் விட்டுவிட்டார். நான்கு மாதங்கள் கழித்து அவர் கை வாய்க்கு எட்டவில்லை. கரண்டி பிடித்துச் சுவர் பூச இயலவில்லை. கொத்தனார் கூலி பெற்றவர் இரவுக் காவலுக்குச் சென்றார். அவரிடமிருந்து பறிபோனது கையின் வலிமை மட்டுமா? மகளின் கல்லூரிக் கட்டணமும் உடன் போயிற்று. இலவசமாகக் கிடைக்கவேண்டிய சிகிச்சை, ஒரு வரியைப் படிக்காமையால் கிடைக்காது போயிற்று. இந்நிலை நம் தெருக்களில் தொடரலாகாது என்பதே இவ்வுரையின் நோக்கம்.

இனி, மருத்துவரின் பரிந்துரை எதற்கு என்பதைக் காண்போம். நேரே இயன்முறைப் பிரிவுக்குச் சென்றால் ஆகாதோ என்று சிலர் கேட்கலாம். பிரிட்டன் போன்ற நாடுகளில் பல இடங்களில் நோயாளியே நேரடியாகச் செல்லவும் வழி உண்டு. ஆயினும் பரிந்துரைக்கு மூன்று பயன்கள் உள.

முதலாவது, நோயைத் தெளிதல். முதுகுவலி என்று வரும் எல்லோர்க்கும் ஒரே காரணம் இல்லை. முதுகெலும்பில் காசநோய் இருக்கலாம், உள்முறிவு இருக்கலாம், புற்றுநோயும் இருக்கலாம். அவற்றிற்குப் பயிற்சி மருந்தாகாது. முதுகுவலியோடு தொடர்ந்த காய்ச்சல், காரணமின்றி உடல் மெலிதல், கால்கள் வலுவிழத்தல், மறைவிடம் மரத்துப்போதல், சிறுநீர் அடக்க இயலாமை ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் காலம் தாழ்த்தாது மருத்துவரிடம் செல்லவேண்டும்.

இரண்டாவது, எல்லையை அறிவித்தல். நெஞ்சுநோயும் இரத்தக் கொதிப்பும் உடையவரை எவ்வளவு நடக்கவைக்கலாம், உள்ளே தகடு பொருத்திய காலில் எப்போது எடையை ஊன்றலாம் என்பவற்றை மருத்துவரின் சீட்டே இயன்முறை வல்லுநர்க்குத் தெரிவிக்கும்.

மூன்றாவது, ஆவணமாதல். இன்ன நோய்க்கு, இன்ன நாளில், இன்ன சிகிச்சை தேவையென மருத்துவர் எழுதிக் கையொப்பமிட்ட தாள் இன்றேல், காப்பீடோ, மாற்றுத்திறனாளிச் சான்றோ, தொழிலாளர் இழப்பீடோ பின்னர்க் கேட்பது கடினம். நிலத்திற்குப் பட்டா எவ்வாறோ, நோயாளிக்கு அச்சீட்டு அவ்வாறு.

ஆகவே சீட்டைக் கையில் வாங்கும்போதே ஐந்து செய்திகளைப் பார்க்கவேண்டும். பெயரும் வயதும் ஆதாரிலும் குடும்ப அட்டையிலும் உள்ளபடியே உள்ளனவா? நோயின் பெயர் எழுதப்பட்டுள்ளதா? எந்த உறுப்புக்கு, எந்தப் பிரிவுக்கு அனுப்புகின்றனர்? எத்தனை முறை அல்லது எத்தனை வாரம் என்று குறித்துள்ளனரா? நாளும் கையொப்பமும் முத்திரையும் உளவா? எழுதியது விளங்கவில்லையெனில், “ஐயா, இதனைத் தமிழில் சொல்லுங்கள்” என்று கேட்பதில் குறைவொன்றும் இல்லை. கேட்டால் சினப்பார்களோ என்று அஞ்சிக் கைகட்டி நின்ற காலம் நம் பாட்டன்மார் காலம். இன்று மருத்துவமனையில் நாம் நிற்பது இரவலராக அன்று, குடிமக்களாக.

மருத்துவப் பதிவுகளைப் பெறுவதும் உரிமையே. நோயாளியோ அவர்தம் உரியவரோ கேட்டால், 72 மணி நேரத்திற்குள் பதிவுகளைத் தரவேண்டும் என்று இந்திய மருத்துவக் கழகத்தின் 2002-ஆம் ஆண்டு நன்னடத்தை விதிகள் கூறுகின்றன. மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்று வீடு திரும்பும்போது தரும் டிஸ்சார்ஜ் சீட்டை எக்காரணம் கொண்டும் இழத்தலாகாது. எல்லாச் சீட்டுகளையும் ஒரே பிளாஸ்டிக் உறையில் இட்டு, கைப்பேசியிலும் படம் எடுத்து வைத்துக்கொள்ளவேண்டும்.

அடுத்து, நம் பகுதியில் செல்லவேண்டிய வழி. நலவழித்துறையின் கீழ் நம் கொம்யூன்களில் இயங்கும் ஆரம்ப சுகாதார நிலையமே முதற்படி. அங்குள்ள மருத்துவர் நோயைப் பார்த்து, தேவைப்படின் மேல்மருத்துவமனைக்கு எழுதித் தருவார். புதுச்சேரி நகரிலுள்ள இந்திரா காந்தி அரசு பொது மருத்துவமனையும், கதிர்காமத்திலுள்ள இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் அடுத்த படிகள். அவற்றிற்கும் மேலாகக் கோரிமேட்டில் ஜிப்மர் உள்ளது. 1823-இல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய மருத்துவப் பள்ளியே வளர்ந்து, 1964-இல் ஜிப்மர் என்னும் பெயரில் மத்திய அரசின் நிறுவனமாயிற்று. 2008-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமும் ஆயிற்று. அத்தகைய மருத்துவமனையைப் பேருந்துத் தொலைவில் பெற்றிருப்பது நம் பேறு. சிறு வலிக்கெல்லாம் அங்கே சென்று விடியற்காலை முதல் வரிசையில் நிற்பதும், பெருநோய்க்கு அங்குச் செல்லாமல் வீட்டிலிருப்பதும் ஆகிய இரண்டும் தவறு. படியறிந்து ஏறுதலே சிறப்பு.

பக்கவாதம் மட்டும் இதற்கு விலக்கு. முகம் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறுதல் கண்டவுடன் 108 ஊர்தியை அழைத்து, மூளைப் படம் எடுக்கும் வசதியுள்ள மருத்துவமனைக்கே செல்லவேண்டும். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நான்கரை மணி நேரத்திற்குள் போடவேண்டும். உயிர் பிழைத்தபின் முதல் ஆறு மாதங்களே இயக்கம் மிகுதியாகத் திரும்பும் காலம். “ஓய்வாகப் படுத்திருக்கட்டும்” என்று அம்மாதங்களைக் கழிப்பது அன்பினால் செய்யும் தீங்கு.

இனிச் சலுகைகளுக்கு வருவோம். இங்கே ஓர் உண்மையைத் தெளிவாகக் கூறவேண்டும். ஆஸ்திரேலியாவில் மெடிகேர் என்னும் அரசுத் திட்டம் உண்டு. நாள்பட்ட நோயுடையவர்க்குக் குடும்ப மருத்துவர் ஒரு சிகிச்சைத் திட்டம் வகுத்துப் பரிந்துரைக் கடிதம் தந்தால், இயன்முறை மருத்துவம் உள்ளிட்ட துணைமருத்துவச் சேவைகளுக்கு ஆண்டுக்கு ஐந்து முறை வரை அரசு கட்டணத்தின் ஒரு பகுதியைத் திருப்பித் தருகிறது. செல்வம் மிக்க அந்நாட்டிலும் மருத்துவரின் கடிதம் இன்றேல் அப்பணம் இல்லை. நம் நாட்டில் தனியார் இயன்முறை நிலையத்தில் வெளிநோயாளியாகக் கொடுத்த கட்டணத்தைப் பொதுமக்கள் அனைவர்க்கும் திருப்பித் தரும் திட்டம் இல்லை. இங்கே அரசு தரும் சலுகை சேவையாகவே தரப்படுகிறது. அரசு மருத்துவமனையின் இயன்முறைப் பிரிவே நமக்குரிய முதற்சலுகை. கடன் வாங்கித் தனியாரிடம் பணம் கட்டிவிட்டு, பின்னர் அரசிடம் கேட்கலாம் என்று எண்ணுவோர் ஏமாறுவர். எனினும் வகைக்கேற்பச் சில திட்டங்கள் உள்ளன. அவற்றை ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

முதலாவது, ஆயுஷ்மான் பாரத் காப்பீடு. 2018 செப்டம்பரில் தொடங்கிய இத்திட்டம் தகுதியுள்ள குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் செலவை ஏற்கிறது. 2024 அக்டோபர் முதல், 70 வயது நிறைந்த முதியோர் அனைவர்க்கும் வருமான வேறுபாடின்றி இது விரிக்கப்பட்டது. இது தங்கிச் சிகிச்சை பெறுவோர்க்கு உரியது. வெளிநோயாளியாகச் சென்று பெறும் பயிற்சிக்கு உரியதன்று. ஆகவே இடுப்பெலும்பு முறிவுக்கோ மூட்டு மாற்றுக்கோ இத்திட்டத்தில் சேர்ந்தவர், கட்டிலில் இருக்கும் நாட்களிலேயே இயன்முறைப் பயிற்சியைக் கேட்டுப் பெறவேண்டும். வீடு திரும்பிய பின் 15 நாட்கள் வரையிலான தொடர்சிகிச்சையும் இத்திட்டத்தில் அடங்கும். வீட்டில் செய்யவேண்டிய பயிற்சிகளை எழுதி வாங்காமல் மருத்துவமனையை விட்டு வருதல் கூடாது.

இரண்டாவது, தொழிலாளர் ஈட்டுறுதியாகிய இ.எஸ்.ஐ. அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராய் அவையில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார். அக்காலத்தில்தான், 1943-இல், பேராசிரியர் அடார்க்கர் தொழிலாளர் நலக் காப்பீட்டிற்குத் திட்டம் வகுக்க அமர்த்தப்பட்டு, 1944-இல் அறிக்கை தந்தார். அதன் வழியே 1948-இல் சட்டமும், 1952-இல் திட்டமும் வந்தன. சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம், திருபுவனைத் தொழிற்பேட்டைகளில் வேலை செய்யும் நம் இளைஞர் பலர், மாதந்தோறும் ஊதியத்தில் முக்கால் விழுக்காடு இதற்குச் செலுத்துகின்றனர். செலுத்தியும் மருந்தகத்தின் வாயிலை மிதியாதவர் பலர். காப்பீடு பெற்ற தொழிலாளிக்கும் குடும்பத்தார்க்கும் இயன்முறை உள்ளிட்ட மருத்துவம் உண்டு. மருந்தக மருத்துவரின் பரிந்துரையோடு கோரிமேடு இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குச் செல்லலாம். வேலையிடத்தில் விபத்து நேர்ந்து இயலாமை ஏற்பட்டால், மருத்துவர் சான்றின்மேல் ஊதியத்தில் 90 விழுக்காடு கிடைக்கும். வேலையில் சேர்ந்த முதல் நாளுக்கும் இது பொருந்தும். ஒப்பந்தத் தொழிலாளிக்கும் இவ்வுரிமை உண்டு. விபத்தை அன்றே பதிவேட்டில் எழுதச் செய்தல் இன்றியமையாதது. “நாங்களே பார்த்துக்கொள்கிறோம், எழுதவேண்டாம்” என்று மேற்பார்வையாளர் கூறினால், இணங்காதீர்கள்.

மூன்றாவது, பிள்ளைகளுக்கானது. 2013 முதல் நடைபெறும் தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி, மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வந்து, பிறப்பு முதல் 18 வயது வரையுள்ள சிறாரைப் பரிசோதிக்கின்றனர். குறை காணப்படின் ஒரு பரிந்துரைச் சீட்டைத் தருகின்றனர். அதன்மேல் அறுவைச் சிகிச்சை உட்பட யாவும் கட்டணமின்றிக் கிடைக்கும். நாம் தலைமையாசிரியராக இருந்து கண்டது என்னவெனில், பரிசோதனை நாளன்று எழுதப்படும் சீட்டுகளுள் சில புத்தகப் பையிலேயே தங்கிவிடுகின்றன. பாதம் உட்புறம் வளைந்து பிறந்த குழந்தையை முதல் வாரங்களிலேயே கொண்டுசென்றால், வாரம் ஒன்றாகச் சில மாவுக்கட்டுகள் போட்டுப் பெரும்பாலும் நேராக்கிவிடலாம்; பின் மருத்துவர் சொல்லும்படி நான்கு வயது வரை காலணிப் பட்டை அணிவித்து வரவேண்டும். விட்டுவிட்டால் அப்பிள்ளை வாழ்நாள் முழுதும் நொண்டும். “முன்வினை” என்று சொல்லி ஒரு குழந்தையின் காலை இழக்க நாம் இனி ஒருப்படலாகாது.

நான்காவது, மாற்றுத்திறனாளிகளுக்கானது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுள்ளது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் என்று மருத்துவக் குழு சான்றளித்தால் தனி அடையாள அட்டை கிடைக்கும். அவ்வட்டையின் வழி சக்கர நாற்காலி, ஊன்றுகோல், காலிபர் போன்ற கருவிகளை மத்திய அரசின் உதவித் திட்டத்தில் பெறலாம். மாத வருமானம் 22,500 ரூபாய்க்கு மேற்படாதவர்க்கு முழுதும் இலவசம். 30,000 வரை பாதி விலை.

ஐந்தாவது, நம்மிடையே மிகக் குறைவாக அறியப்பட்ட நிராமயா காப்பீடு. மூளை முடக்குவாதம், மதியிறுக்கம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்கு வகையினர்க்கு, 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசிய அறக்கட்டளை இதனை நடத்துகிறது. ஆண்டுக்கு ஓர் இலட்சம் ரூபாய் வரை காப்பு உண்டு. வயது வரம்போ முன்பரிசோதனையோ இல்லை. வெளிநோயாளியாகப் பெறும் தொடர் இயன்முறைப் பயிற்சிக்கும், குறித்த வரம்புக்குள், செலவழித்த பணம் திரும்பக் கிடைக்கும். சற்று முன் சொன்ன வெளிநாட்டுத் திட்டத்திற்கு நம் நாட்டில் ஒப்பாகச் சொல்லத்தக்கது இதுவே. மருத்துவரின் எழுத்துப் பரிந்துரையும் முறையான ரசீதும் இன்றேல் பணம் வராது. பெயர் பதிந்து ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். மூளை முடக்குவாதமுடைய பிள்ளை நம் ஊர்களில் எந்த வீட்டில் இருப்பினும் அவ்வீட்டிற்கு இச்செய்தி போய்ச் சேரவேண்டும்.

இவ்வளவும் கூறியபின் ஒரு கேள்வி எழும். எல்லாம் இலவசம் எனில் நம்மவர் ஏன் பாதியில் நின்றுவிடுகின்றனர்? விடை எளிது. இயன்முறை மருத்துவம் ஒரு நாளில் முடிவதன்று. வாரத்தில் பல நாட்களாகச் சில வாரங்கள் செல்லவேண்டும். பாகூரிலிருந்து நகரத்திற்குச் செல்லும் முதியவளுக்குப் பேருந்துக் கட்டணம் உண்டு. துணைக்குச் செல்லும் மகனுக்கு ஒரு நாட்கூலி போகும். மூன்றாம் நாள் கூலியா சிகிச்சையா என்று கேட்டால் அடுப்பு கூலியையே தேர்ந்தெடுக்கும். சோம்பலே காரணம் என்று இவர்களைக் குறை கூறுவோர், அக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கவேண்டும். சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. சிகிச்சைக்குச் சென்று சேர்வதற்கு உண்டு.

நம் எல்லையை ஒட்டிய கடலூர், விழுப்புரம் மாவட்டங்களில் நடப்பதைக் கவனியுங்கள். தமிழ்நாட்டரசு 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் மாத்திரைகளை வீட்டிற்கே கொண்டுவந்து தருவதோடு, இயன்முறைப் பயிற்சியையும் வீட்டிலேயே அளிக்க அத்திட்டம் வழி செய்தது. நம் கொம்யூன்களும் தமிழ்நாட்டுச் சிற்றூர்களும் ஒன்றுக்குள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. ஒரு வாய்க்காலுக்கு அப்பால் உள்ள பக்கவாத நோயாளியின் வீட்டுத் திண்ணைக்கு வரக்கூடிய மருத்துவம், இப்பால் உள்ளவர்க்கும் வரவேண்டும் என்று கேட்பது நியாயமே. 2016-ஆம் ஆண்டுச் சட்டமும் மாற்றுத்திறனாளிகளுக்குச் சிற்றூர்ப் புறங்களில் அண்மையிலேயே மருத்துவம் அளித்தலை அரசின் கடமையாகக் கூறுகிறது.

ஆதலின் சங்கத்தின் முன் நான்கு பணிகளை வைக்க விரும்புகிறோம்.

ஒன்று, ஊருக்கு இரு இளைஞர், ஓர் ஆண், ஒரு பெண், ‘சீட்டுத் துணைவர்’ ஆகவேண்டும். மருத்துவமனையிலிருந்து திரும்புவோரின் சீட்டை அன்றே படித்துச் சொல்வதும், அடுத்த நாளை நாட்காட்டியில் குறித்து நினைவூட்டுவதும், முதல் நாள் உடன் செல்வதும் அவர்தம் பணி. நோயாளியின் செய்திகளை ஊரில் பரப்பாதிருத்தல் அவர்க்கு முதல் விதி.

இரண்டு, தொடர்சிகிச்சைக்குச் செல்லும் முதியோர்க்குப் பேருந்துக் கட்டணம் தரச் சங்கத்தில் ஒரு சிறுநிதி வேண்டும். திருமண வீட்டுப் பதாகைக்குச் செலவிடும் தொகையில் ஒரு பங்கு போதும்.

மூன்று, வில்லியனூர், பாகூர் பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்கள் ஒவ்வொன்றிலும் வாரத்தில் குறித்த நாட்களில் இயன்முறை வல்லுநர் இருக்கவேண்டும் என்று நலவழித்துறைக்கு விண்ணப்பம் அளிக்கவேண்டும். வெறும் கோரிக்கையாக அன்று. எவ்வூரில் எத்தனை பேர், எந்நோயால், எத்தனை நாள் சென்று, ஏன் நின்றனர் என்னும் கணக்கோடு அளிக்கவேண்டும். அக்கணக்கை எடுக்கும் ஆற்றல் நம் பட்டதாரிகளுக்கு உண்டு. கணக்கோடு வரும் விண்ணப்பத்தைத் தள்ளிவிடுதல் எளிதன்று.

நான்கு, நம் பிள்ளைகளே இயன்முறை வல்லுநர் ஆகவேண்டும். மருத்துவர், பொறியாளர் என்னும் இரு சொற்களையே நம் வீடுகள் அறிந்துள்ளன. புதுச்சேரியிலேயே அன்னை தெரசா பட்டமேற்படிப்பு நிலையத்தில் இயன்முறை மருத்துவப் பட்டப்படிப்பு உண்டு; சென்டாக் வழியாகச் சேர்க்கை நடைபெறுகிறது. இத்தொழில்களை முறைப்படுத்த 2021-இல் நாடாளுமன்றம் தனிச்சட்டமே இயற்றியுள்ளது. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் பயிலும் மாணவ மாணவியர் இதனை எண்ணிப் பார்க்கவேண்டும். தன் தெருவில் நாற்று நட்டவளின் முதுகைத் தன் தெருவிலேயே பிறந்த பெண் நிமிர்த்தும் நாள் வரவேண்டும்.

அன்பர்களே! பிறர் நிலத்தை உழுதும், பிறர் வீட்டைக் கட்டியும், பிறர் சுமையைச் சுமந்தும் தேய்ந்த உடல்கள் நம்முடையவை. அவ்வுடல்களைப் பழுது பார்த்துக்கொள்வதற்கு அரசும் சட்டமும் தரும் வழிகள் ஓரளவேனும் உள்ளன. உள்ளவற்றை விடாது பெறுவோம். இல்லாதவற்றைக் கணக்கோடு கேட்போம். இன்று வீடு திரும்பியதும் இளைஞர் ஒவ்வொருவரும் தம் தாய் தந்தையரின் மருத்துவச் சீட்டுகளை எடுத்து, நாள் வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றிலும் என்ன எழுதியிருக்கிறது என்று அவர்களுக்குப் படித்துச் சொல்லுங்கள். நம் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாகத் தந்த கல்விக்கு அதனினும் தக்க நன்றி வேறில்லை.